டிவிஎஸ் 50 முதல் எக்செல் 100 வரை: எந்த மாடலுக்குக் காசு கொடுக்கலாம்?

டிவிஎஸ் எக்செல் 100 மொபெட்டை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூட்டை ஏற்றுகிற பிழைப்பு என்றால் யோசிக்காமல் வாங்குங்கள். ஆபீஸ் போய்வர மட்டும் என்றால் வேறு வண்டி பாருங்கள். மிச்சம் நான் எழுதப்போவது இந்த வண்டி ஒவ்வொரு மாடலாக மாறி வந்த கதைதான். அது தெரிந்தால்தான் எந்த வசதிக்குக் கூடக் காசு கொடுக்கலாம், எது சும்மா பகட்டு என்று பிடிபடும்.

1980ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. மொபெட் அதற்கு முன்பே நாட்டில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கைனெடிக் கம்பெனியின் லூனா 1972லேயே வந்துவிட்டது. டிவிஎஸ் செய்த வேலை, பின்னால் இன்னொருவர் உட்காரும்படி வண்டியைக் கட்டியது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் போகலாம், பெட்ரோல் தீர்ந்தால் பெடலை மிதித்து வீடு சேரலாம். (டிவிஎஸ்ஸைத் தொடங்கிய சுந்தரம் அய்யங்கார் அந்தக் காலத்தில் பஸ் விட்டது எங்கள் மதுரையில் என்பதால், ஓசூரில் செய்த வண்டியையும் நம்ம ஊர் வண்டி என்றே இங்கே பேசுவார்கள். அதில் எனக்கும் ஆட்சேபனை இல்லை.)

ஆனால் இந்த வண்டியைச் சுமை வண்டியாக்கியது எக்செல், அதிலும் எக்செல் சூப்பர். 69.9 சிசி டூ ஸ்ட்ரோக், மூன்றரை குதிரைத் திறன், கியர் கிடையாது. சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை, இரண்டு பக்கமும் பைகள் என்று மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடிகாலையில் நின்று பார்த்தால் மல்லிகை மூட்டைதான் தெரியும், வண்டி எங்கே என்று தேடவேண்டும். கம்பெனி எழுதியிருக்கும் பாரக் கணக்கை இந்தப் பக்கம் யாரும் மதித்ததாகத் தெரியவில்லை. அந்த இன்ஜினில் வால்வு இல்லை, டைமிங் செயின் இல்லை, அதனால் வேப்பமரத்தடி மெக்கானிக்கே முழுசாகக் கழற்றி மாட்டிவிடுவார். பிளக்கைத் துடைக்க வேண்டும், சைலன்சரில் அடைந்த கரியை எடுக்க வேண்டும், பெட்ரோலில் மறக்காமல் ஆயில் கலக்க வேண்டும். அவ்வளவுதான் பராமரிப்பு. புகைதான் தாங்காது. பின்னால் போகிறவன் திட்டிக்கொண்டேதான் போவான்.

2015 கடைசியில் எக்செல் 100 வந்தது, 99.7 சிசி ஃபோர் ஸ்ட்ரோக். 2017 ஏப்ரலில் பிஎஸ் 4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி கட்டாயமானதும் டூ ஸ்ட்ரோக்குக்கு மூடுவிழா. பழைய ஆட்கள் நிறையப் பேர் "ஃபோர் ஸ்ட்ரோக் பாரம் இழுக்காதுண்ணே" என்று அடித்துச் சொன்னார்கள். கணக்கைப் பார்த்தால் அப்படி இல்லை. எக்செல் சூப்பரின் டார்க், அதாவது இழுவை, 5 நியூட்டன் மீட்டர், இதில் 6.5, அதுவும் 3500 ஆர்பிஎம்மிலேயே. கியர் இல்லாத வண்டிக்கு இதுதான் உயிர்நாடி, ஏனென்றால் மேட்டில் கியரைக் குறைத்துச் சமாளிக்க வழியில்லை, இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே இழுவை கிடைத்தாக வேண்டும். நத்தம் ரோட்டுப் பறக்கும் பாலத்தில் காய்கறி மூட்டையோடு ஏறிப் பாருங்கள், வேகம் குறையும், ஆனால் முக்கி முனகி நின்றுபோகாது. ஆயில் கலக்கும் வேலையும் போனது. அதற்குப் பதில் இன்ஜின் ஆயிலை நேரத்துக்கு மாற்ற வேண்டும். டூ ஸ்ட்ரோக் பழக்கத்தில் அதை விட்டுவிடுபவர்களால்தான் "ஃபோர் ஸ்ட்ரோக் சரியில்லை" என்ற பேச்சே பாதி கிளம்பியது என்பது என் கட்சி.

அடுத்து பட்டன் ஸ்டார்ட். ஐ-டச் ஸ்டார்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மொபெட்டுக்கு எதற்கு இந்த ஆடம்பரம் என்று தோன்றலாம். பால் ஊற்றுகிறவரைக் கேளுங்கள். வாசலுக்கு வாசல் நிறுத்தி, கேன் தொங்கும் வண்டியைச் சரியாமல் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் கிக்கரை உதைப்பது என்ன பாடு என்று அவருக்குத் தெரியும். அவர் கண்ணை மூடிக்கொண்டு காசு கொடுக்கலாம். கிக்கரும் கூடவே இருக்கிறது, நல்லது.

2020ல் பிஎஸ் 6, கார்புரேட்டர் போய், சென்சார் வைத்து பெட்ரோலை அளந்து பீய்ச்சும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். 15 சதவீதம் மைலேஜ் கூடும் என்கிறது கம்பெனி. மார்கழிக் குளிரில் சோக் இழுத்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை என்பது நிஜமான லாபம். நஷ்டம் வேப்பமரத்தடியில் தெரியும். சென்சார் கோளாறு என்றால் அந்த மெக்கானிக் ஸ்பேனரால் ஒன்றும் செய்ய முடியாது, கருவி வைத்துப் பார்க்கிற இடத்துக்குத்தான் தள்ளிக்கொண்டு போக வேண்டும். உசிலம்பட்டிக்கு உள்ளே தள்ளி இருக்கிற கிராமத்துக்காரர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

2025ல் வந்த அலாய் வீல், ட்யூப்லெஸ் டயர் மாடல் பார்வைக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். பாரத்தோடு பின் சக்கரம் பஞ்சரானால் மூட்டையை இறக்கி, வீலைக் கழற்றி, செயினைத் திரும்ப மாட்டி என்று பாதிக் காலை போய்விடும். ட்யூப்லெஸ்ஸில் வீலைக் கழற்றாமலே அடைத்துவிடலாம். ஆனால் ஸ்போக் ரிம் வளைந்தால் கோட்டம் எடுத்துத் தருவார்கள், அலாய் அடிவாங்கினால் பெரும்பாலும் புதுசு வாங்க வேண்டியதுதான். டவுனுக்குள் ஓட்டுபவர்களுக்கு அலாய், வரப்பிலும் ஓடையிலும் இறங்குகிறவர்களுக்கு ஸ்போக் என்று நான் பிரித்துச் சொல்வேன்.

பிரேக் விஷயத்தில்தான் எனக்கு மனசே ஆறவில்லை. ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடு வந்துவிட்டது. 125 சிசி வரை உள்ள வண்டிகளுக்கு 2019ல் சட்டமே அப்படித்தான். ஆனால் முன்னும் பின்னும் இன்னமும் டிரம்தான். மழையில் முழுப் பாரத்தோடு கோரிப்பாளையம் சிக்னலில் நிறுத்துகிறவருக்கு முன்னால் ஒரு டிஸ்க் கொடுத்திருக்கலாம். டேங்க் 4 லிட்டர், ஊருக்குள் போதும். மணிக்கு 60ஐ நெருங்கினாலே மூச்சு வாங்கும், ஆகவே ரிங் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே இதை ஓட்டுவது வம்பு. சீட் சுமார்.

விலையைப் பொறுத்தவரை, 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தபிறகு, பழைய வண்டியைத் தேடி அலைவதில் பெரிய அர்த்தம் இல்லை. இல்லை, எனக்கு அந்த டூ ஸ்ட்ரோக் சத்தம்தான் வேண்டும் என்கிறவர்கள் எக்செல் சூப்பர் வாங்குமுன் ஆர்சியைக் கையில் வாங்கித் தேதியைப் பாருங்கள். 15 வருடம் தாண்டியிருந்தால் ஆர்டிஓ ஆபீசில் புதுப்பித்து, பசுமை வரியும் கட்ட வேண்டும். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.