மலையில் நிறுத்திவைக்கும் கேரவனுக்கு ஸ்டார்ட்டிங் பேட்டரியைக் காப்பாற்ற எந்த வழி?

ஊட்டியில் கோடை சீசன் முடிந்து ஜூனில் மழை பிடித்துக்கொண்டால், கேரவன் வண்டிகளும் சொந்த உபயோகத்துக்குக் கட்டிய கேம்பர் வேன்களும் ஷெட்டுக்குள் போய்விடும். செப்டம்பரில் இரண்டாம் சீசனுக்கு எடுக்கலாம் என்று சாவியைத் திருப்பினால் ரிலே ‘டிக் டிக்’ என்று அடிக்கும், செல்ஃப் எடுக்காது. கூரையில் 200 வாட் சோலார் இருந்தும் எப்படி பேட்டரி டவுன் ஆனது என்று பலரும் குழம்புவார்கள். பெரும்பாலான வண்டிகளில் அந்த சோலார், உள்ளே விளக்கும் ஃப்ரிட்ஜும் பம்பும் ஓட்டுகிற ஹவுஸ் பேட்டரிக்கு மட்டுமே போகிறது. இன்ஜினைக் கிளப்பும் பேட்டரி வேறு. வண்டி ஓடாதவரை அதற்கு எந்தப் பக்கமிருந்தும் சார்ஜ் வராது.

மலைக் குளிர்தான் பேட்டரியைக் கொல்கிறது என்பது பாதி உண்மை. 0 டிகிரியில் செல்ஃபைச் சுற்றும் பேட்டரியின் திறன் மூன்றில் ஒரு பங்கு குறையும், இன்ஜின் ஆயிலும் கெட்டியாகும். தை மாத உறைபனியில் தலைக்குந்தா பக்கம் காலையில் வண்டி முனகுவது அதனால்தான். ஆனால் சும்மா கிடக்கும் பேட்டரிக்குக் குளிர் நண்பன். லெட் ஆசிட் பேட்டரி 25 டிகிரி வெப்பத்தில் மாதம் 3 முதல் 5 சதவீதம் தானாகவே சார்ஜ் இழக்கும். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் அந்த இழப்பு ஏறக்குறைய பாதியாகும். அதே வண்டியை மேட்டுப்பாளையத்தில் தகரக் கொட்டகையில் நிறுத்தினால் இழப்பு பல மடங்கு. பேட்டரி உறைந்து வெடித்துவிடும் என்றும் பயப்பட வேண்டாம். முழுக்கக் காலியான பேட்டரியின் ஆசிட்கூட மைனஸ் 7 டிகிரி வாக்கில்தான் உறையும்.

உண்மையான திருடன் வண்டிக்குள்ளேயே இருக்கிறான். அலாரம், மியூசிக் சிஸ்டம், இன்ஜின் கம்ப்யூட்டர், ஜிபிஎஸ் எல்லாம் சேர்ந்து சாவி எடுத்த பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். 50 மில்லிஆம்ப் என்பது சிறிய எண்ணாகத் தெரியும். நாளுக்கு 1.2 ஆம்பியர் அவர் (Ah, பேட்டரியின் கொள்ளளவை அளக்கும் அலகு), மாதத்துக்கு 36. 75 ஆம்பியர் அவர் பேட்டரியில் பாதி ஒரே மாதத்தில் போய்விடும். பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் கீழே வாரக்கணக்கில் கிடந்தால் தகட்டில் படியும் சல்பேட் இறுகிவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது.

அதனால் எதையும் வாங்குவதற்கு முன் இந்த உறிஞ்சலை அளந்துவிட வேண்டும். மல்டிமீட்டரை 10 ஆம்ப் நிலையில் வைத்து, நெகட்டிவ் டெர்மினலுக்கும் கழற்றிய கேபிளுக்கும் நடுவே கோக்கவும். கதவு திறந்திருந்தால் அதன் லாக்கை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடிய நிலைக்குக் கொண்டுவரவும். சாவியைத் தொடக்கூடாது, செல்ஃப் அடித்தால் மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். முதலில் ஓரிரு ஆம்ப் காட்டும், பதற வேண்டாம். உள்ளேயிருக்கும் மாட்யூல்கள் தூங்கப் போக அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஆகும். அதன் பிறகு 30 மில்லிஆம்புக்குள் நின்றால் வண்டி ஆரோக்கியமானது. 100-ஐத் தாண்டினால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து எது இழுக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. பெரும்பாலும் பின்னால் சேர்த்த கேமராவோ ஆம்ப்ளிஃபையரோதான் அகப்படும்.

இனி வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து விடுவது

மலையில் அதிகம் நடப்பது இதுதான், மோசமானதும் இதுதான். செல்ஃப் எடுக்கச் செலவாவது 1 ஆம்பியர் அவருக்கும் குறைவு; சிக்கல் அதில் இல்லை. குளிர்ந்த பேட்டரி சார்ஜை மெதுவாகத்தான் வாங்கும், கடைசி 20 சதவீதம் நிரம்ப மணிக்கணக்கு ஆகும். ஐடிலில் கால் மணி நேரம் ஓட விட்டால் மேலோட்டமாக ஏறி வோல்ட்மீட்டரில் நன்றாகத் தெரியும், உள்ளே பாதிதான் இருக்கும். கூடவே, சைலன்சருக்குள்ளும் ஆயிலுக்குள்ளும் சேர்ந்த ஈரம் காய்வதற்குள் இன்ஜினை அணைத்துவிடுகிறோம். டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள பிஎஸ்6 டீசல் வண்டியில் இந்தப் பழக்கம் அதில் கரியையும் சேர்த்து வைக்கும். ஓட்ட முடிந்தால், ஊட்டியிலிருந்து கோத்தகிரி போகும் அளவுக்கு ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள். இல்லையென்றால் ஸ்டார்ட் செய்யாமலே விடுங்கள்.

நெகட்டிவைக் கழற்றிவிடுவது

செலவே இல்லாத வழி. நீலகிரிக் குளிருக்கு இதைவிடப் பொருத்தமானது குறைவு. வெளி உறிஞ்சல் நின்றுவிட்டால் மிச்சமிருப்பது பேட்டரியின் சொந்த இழப்பு மட்டுமே. 12 டிகிரி குளிரில் 75 ஆம்பியர் அவர் பேட்டரி மூன்று மாதத்தில் 5 ஆம்பியர் அவர் வாக்கில்தான் இழக்கும். ஒரு நிபந்தனை: கழற்றும்போது பேட்டரி நிறைந்திருக்க வேண்டும். சார்ஜரை எடுத்துச் சில மணி நேரம் ஓய்ந்த பிறகு 12.6 அல்லது 12.7 வோல்ட் இருக்கிறதா பாருங்கள். பாதிச் சார்ஜில் கழற்றி வைத்தால் பாழாகும் பேட்டரியைப் பத்திரமாகப் பூட்டி வைத்தது போல.

பெரும்பாலான வண்டிகளுக்கு 10 ஸ்பானர் போதும். முதலில் நெகட்டிவ், பூட்டும்போது கடைசியில் நெகட்டிவ். கழற்றிய கேபிள் தானாக வளைந்து டெர்மினலைத் தொடாமல் பழைய சைக்கிள் டியூப் துண்டால் சுற்றிக் கட்டுங்கள். அட்ப்ளூ (டீசல் புகையைச் சுத்தப்படுத்தும் திரவம்) ஊற்றும் வண்டியாக இருந்தால் சாவியை எடுத்தவுடன் கழற்றக்கூடாது. லைனில் உள்ள திரவத்தை அது டேங்குக்கு இழுத்துக்கொள்ள ஐந்து நிமிடமாவது விடுங்கள். அடிக்கடி கழற்றுபவர்கள் டெர்மினலிலேயே பொருத்தும் கட்-ஆஃப் சுவிட்ச் போட்டுக்கொள்ளலாம். செல்ஃப் இழுக்கும் மின்சாரத்தைத் தாங்குகிற தடித்த பித்தளையாகப் பார்த்து வாங்குங்கள், மெல்லிய ரகம் சூடேறி இளகிவிடும்.

குறைகளும் உண்டு. அலாரம் இருக்காது, கடிகாரமும் ரேடியோவும் அழிந்துவிடும். ரிமோட்டில் மட்டும் திறக்கும் கதவுக்குள் பேட்டரி இருந்தால் சாவியால் திறக்க முடிகிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். வாடகை பர்மிட் வண்டியில் கட்டாயமாகப் பொருத்தியிருக்கும் ஜிபிஎஸ் கருவி, மெயின் பேட்டரி துண்டிக்கப்பட்டதாக அலர்ட் அனுப்பும். அப்படிப்பட்ட வண்டிக்கு இந்த வழி சரிப்படாது.

இன்னொன்றை மலைக்காரர்கள் கவனிக்க வேண்டும். மூடுபனியின் ஈரமும் தூசியும் பேட்டரியின் மேல்மூடியில் சேர்ந்தால் அந்தப் படலமே மின்சாரத்தைக் கடத்தும். கேபிளைக் கழற்றியும் சார்ஜ் இறங்குகிறது என்றால், மீட்டரின் கறுப்பு முனையை நெகட்டிவில் வைத்து, சிவப்பு முனையால் மூடியின் நடுவே தொட்டுப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கழுவ வேண்டிய நேரம். அரை லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சோடா உப்பு கரைத்து, துணியில் நனைத்துத் துடையுங்கள். ஒரு சொட்டும் செல்லுக்குள் இறங்கக்கூடாது. டெர்மினலில் பூத்த பச்சையும் வெள்ளையுமான பொடி நுரைத்துக் கரையும். காய்ந்ததும் வாசலின் தடவுங்கள்.

கரண்ட் சார்ஜர்

ஷெட்டில் பிளக் பாயின்ட் இருந்தால் எங்கள் தேர்வு இதுதான். 75 முதல் 100 ஆம்பியர் அவர் பேட்டரிக்கு 4 அல்லது 5 ஆம்ப் ஸ்மார்ட் சார்ஜர் போதும். நிறைந்த பிறகு அது இழுப்பது சில வாட் மட்டுமே, மாதத்துக்கு இரண்டு மூன்று யூனிட். பழைய டிரான்ஸ்பார்மர் சார்ஜரையோ வீட்டு யூபிஎஸ் சார்ஜிங்கையோ வாரக்கணக்கில் மாட்டி வைக்காதீர்கள், தண்ணீர் வற்றித் தகடு வெளியே தெரியும்.

வாங்கும்போது இரண்டைப் பாருங்கள். முதலாவது, குளிருக்கேற்ற வோல்ட்டேஜ். 25 டிகிரியில் 14.4 வோல்ட்டில் நிரம்பும் பேட்டரிக்கு 8 டிகிரியில் 14.7 வேண்டும், இல்லாவிட்டால் சார்ஜர் பச்சை விளக்கு காட்டினாலும் உள்ளே நிறைவு இருக்காது. சில சார்ஜர்களில் பனிப்பூ படம் போட்ட மோடு இதற்காகத்தான். இரண்டாவது, கரண்ட் போய் வந்தால் தானாகப் பழைய மோடுக்குத் திரும்புகிறதா? சில மாடல்கள் பட்டனை அழுத்தும்வரை சும்மா நிற்கும். மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் அறுகிற ஊரில், முதல் நாளே முடிந்துபோன சார்ஜிங்கை மூன்று மாதம் நம்பிக்கொண்டிருக்க நேரும். கடையிலேயே பிளக்கைப் பிடுங்கி மாட்டிச் சோதியுங்கள்.

நெகட்டிவ் டெர்மினலில் பேட்டரி சென்சார் இருக்கும் வண்டியில் சார்ஜரின் கறுப்பு கிளிப்பைச் சேஸிஸ் எர்த்தில் மாட்டுங்கள். வெளியில் இழுக்கும் ஒயர் மூன்று கோர், 1.5 சதுர மில்லிமீட்டர், பின்னால் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்). இடி மின்னல் உள்ள ஏப்ரல், மே, அக்டோபரில் சர்ஜ் ப்ரொடெக்டர் அவசியம். எலி ஒயரைக் கடிக்கும் ஷெட்டில் குழாய்க்குள் விட்டு இழுங்கள்.

தனி சோலார் பேனல்

கரண்ட் இல்லாத திறந்தவெளிக்கு இதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஜனவரி, பிப்ரவரியின் தெளிந்த வானத்தில் 20 வாட் பேனல் நாளுக்கு 5 ஆம்பியர் அவர் தரும். மழைமாதத்தில் கணக்கு வேறு. உச்ச வெயிலில் 1.1 ஆம்ப் தரும் அந்தப் பேனலுக்கு, மூடுபனி விலகாத நாளில் ஒரு மணி நேர நல்ல வெயிலுக்குச் சமமான வெளிச்சம்கூடக் கிடைக்காது. வண்டி 1.2 ஆம்பியர் அவர் உறிஞ்சுகிறது, பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜை ஒழுங்குபடுத்தும் கன்ட்ரோலர் தன் பங்குக்கு 10 மில்லிஆம்ப் வீதம் 0.24 எடுத்துக்கொள்கிறது. பேனல் இருந்தும் பேட்டரி இறங்கும். ஊட்டியின் மேற்குப் பக்கமும் அவலாஞ்சியும் கூடலூரும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இப்படி. குன்னூரும் கோத்தகிரியும் கொடைக்கானலும் அக்டோபர், நவம்பரில் இப்படி. அதனால் 50 வாட்டுக்குக் குறையாமல் போடுங்கள், அல்லது கட்-ஆஃப் சுவிட்சோடு சேர்த்துப் போடுங்கள். சுவிட்சும் இருந்தால் 20 வாட்டே தாராளம்.

பேனலைத் தெற்கு நோக்கி 10 டிகிரி சாய்த்தால் போதும், தண்ணீரும் தூசியும் வழிந்துவிடும். சில்வர் ஓக் நிழல் ஒரு செல்லில் விழுந்தாலே மொத்த உற்பத்தியும் சரியும். கன்ட்ரோலரிலிருந்து வரும் பாசிட்டிவ் ஒயரில், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 5 ஆம்ப் ஃப்யூஸ் வையுங்கள். முதலில் கன்ட்ரோலரைப் பேட்டரியோடு இணைத்து, பிறகே பேனலை இணைக்க வேண்டும்.

ஹவுஸ் பேட்டரியிலிருந்து ஒரு கிளை

கூரை சோலார் வெளிச்சத்தில் இருக்கிறதென்றால் ஹவுஸ் பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டிங் பேட்டரிக்கு 1 முதல் 4 ஆம்ப் வரை ஒரே திசையில் கசியவிடும் சிறு மெயின்டெய்னர் போடலாம். 200 வாட் கூரை, மழையிலும் இரண்டுக்கும் போதுமானது தரும். அதற்குப் பதில் இரண்டு பேட்டரிகளையும் இணைத்து இருபக்கமும் மின்சாரத்தை விடும் சாதா ரிலேயைப் போட்டால், ஹவுஸ் பேட்டரி லித்தியமாக இருக்கும் வண்டியில் கவனம் தேவை. லித்தியம் ஓய்விலேயே 13.2, 13.3 வோல்ட் காட்டும். ரிலே அதைச் சார்ஜ் ஏறுவதாக நினைத்து இணைப்பைத் துண்டிக்காமலே கிடக்கும், இரண்டும் சேர்ந்து வடியும். கூரை போட்ட ஷெட்டில் இந்த வழிக்கு அர்த்தமில்லை.

பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோவதும் ஒரு வழிதான். 20 கிலோ சுமை, படுக்கையறையில் சார்ஜ் போடக்கூடாது, காற்றோட்டம் வேண்டும். சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்ற பயம் பழைய ரப்பர் பெட்டிக் காலத்துப் பேச்சு, இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்குப் பொருந்தாது.

எந்த வழியானாலும் மாதம் ஒருமுறை வோல்ட்டேஜ் பாருங்கள். 12.4-ஐத் தொட்டால் அன்றே சார்ஜ் போடுங்கள். மூடி திறக்கும் பேட்டரியில் ஹைட்ரோமீட்டர் (ஆசிடின் அடர்த்தியைக் காட்டும் கருவி) விடுபவர்கள் குளிரைக் கழித்துப் படிக்க வேண்டும்: 27 டிகிரிக்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் 0.0007. 10 டிகிரி காலையில் 1.240 என்று காட்டினால் உண்மையில் அது 1.228.