வீட்டுப் பட்டறையில் ஆறடி லேத்: நீள ஷாஃப்ட் கடைந்த அனுபவம்

குட்டையான ஒரு புஷ் (உள்ளே துளையுள்ள வளையம்) கடைவதும் ஒரு மீட்டர் நீள ஷாஃப்ட் (சுழலும் தண்டு) கடைவதும் ஒரே லேத்தில், அதாவது கடைசல் மிஷினில், நடந்தாலும் இரண்டும் வேறு வேறு தொழில். லேத் வாங்குவதற்கு முன்பே இதை யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதால்தான் எழுதுகிறேன். சேலம் சூரமங்கலம் பக்கம், வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட இடத்தில் பல வருடங்களாக இந்த ஆறடி லேத் ஓடுகிறது. பழைய மிஷின்தான், பஞ்சாப் பக்கத்துத் தயாரிப்பு. வருகிற வேலையில் பாதி நீள ஷாஃப்ட்: ஏற்காடு எஸ்டேட்டுகளின் காபிப் பழத்தோல் நீக்கும் பல்ப்பர், ஆத்தூர் பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஃபாக்டரிகளின் கிழங்கு அரைக்கும் மிஷின், அப்புறம் தறிப்பட்டறை உருளைகள்.

முதலில் கரண்ட். வீட்டில் சிங்கிள் ஃபேஸ், லேத் மோட்டார் த்ரீ ஃபேஸ். மோட்டாரை மாற்றாமல் விஎஃப்டி போட்டேன், சிங்கிள் ஃபேஸை த்ரீ ஃபேஸாக்கி வேகத்தையும் மாற்றித் தரும் பெட்டி அது. 230 வோல்ட் உள்ளே போனால் வெளியே வருவதும் 230 வோல்ட் த்ரீ ஃபேஸ்தான், 415 வராது. அதனால் மோட்டார் இணைப்பை ஸ்டாரிலிருந்து (415 வோல்ட்டுக்கான இணைப்பு) டெல்டாவுக்கு (230 வோல்ட்டுக்கானது) மாற்ற வேண்டும். டெர்மினல் பாக்ஸில் ஆறு வயரும் வெளியே வந்திருந்தால் பட்டையை மாற்றிப் போட்டாலே முடிந்தது. மூன்று வயர் மட்டும் இருந்தால் ரீவைண்டிங் செய்பவரிடம் போக வேண்டியதுதான். விஎஃப்டி வந்த பிறகு வேகத்தை நினைத்தபடி கூட்டிக் குறைக்க முடிகிறது, நீள ஜாபில் (கடையும் பொருளில்) அதிர்வு வந்தால் இது பெரிய கை கொடுக்கிறது. ஒரே குறை, ரொம்ப மெதுவாக நெடுநேரம் ஓட்டினால் மோட்டார் சூடாகிறது, ஏனென்றால் அதன் ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீள ஷாஃப்டில் சண்டை டூலோடு இல்லை, ஜாபின் வளைவோடு. 25 மி.மீ. கம்பியை 900 மி.மீ. இடைவெளியில் இரண்டு பக்கமும் செண்டரில் (முனையைத் தாங்கும் கூம்பில்) மட்டும் தாங்கி, நடுவில் 10 கிலோ அளவுக்கு அழுத்தினால் சுமார் 0.4 மி.மீ. வளைந்து விலகும். டூல் சாதாரணமாக வெட்டும்போதே அந்த அளவு தள்ளும். அதே நீளத்துக்கு 20 மி.மீ. கம்பி என்றால் ஒரு மி.மீ. நெருங்கிவிடும், ஏனென்றால் விட்டம் குறைவதன் பாதிப்பு நான்காம் அடுக்கில் வருகிறது. நீளத்தைப் பாதியாக்கினால் வளைவு எட்டில் ஒரு பங்காகிறது. டூல் வந்ததும் ஜாப் ஒதுங்குகிறது, செண்டர் பக்கம் போனதும் திரும்பி நிற்கிறது. கடைசியில் இரண்டு முனையும் சரியான அளவு, நடுவில் மட்டும் பருத்த ஷாஃப்ட். இதற்கு லேத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, ஐந்து லட்சம் போட்டுப் புது மிஷின் வாங்கினாலும் கம்பி வளையத்தான் செய்யும்.

அதனால் என் தீர்ப்பு இது: நீளம் விட்டத்தைப் போல பத்து, பன்னிரண்டு மடங்கைத் தாண்டினால் ஸ்டெடி (கம்பியை நடுவில் தாங்கும் சட்டம்) இல்லாமல் தொடாதீர்கள். பழைய லேத் வாங்கும்போது எல்லோரும் சக், கியர், பெட் தேய்மானம் பார்ப்பார்கள். நான் முதலில் கேட்பது, நிலையான ஸ்டெடியும் சேடிலோடு (டூலைத் தாங்கி நகரும் பகுதியோடு) நகரும் ஃபாலோயர் ஸ்டெடியும் கூட வருகிறதா என்பது. தனியாகத் தேடினால் அந்த மாடலுக்குப் பொருந்துவது கிடைக்காது, வார்த்துத்தான் செய்ய வேண்டும். ஃபாலோயர் ஸ்டெடி டூலுக்கு எதிரிலும் மேலேயும் தாங்குவதால் தள்ளும் இடத்திலேயே தடுக்கிறது. மெல்லிய ஷாஃப்டுக்கு அதைவிட நல்ல துணை இல்லை.

ஸ்டெடியில் ஜாபைத் தொடும் முனைகளில், பேரிங், கன்மெட்டல் என இரண்டு வகையும் வைத்துப் பார்த்துவிட்டேன். பேரிங் வைத்த முனை வேகத்துக்கு நல்லது, சூடும் குறைவு. ஆனால் வெட்டி விழும் சுருளில் ஒரு சின்னத் துணுக்கு இடையில் மாட்டினால் அதை ஜாபின் மேல் உருட்டி அழுத்திவிடும், சுற்றிலும் தழும்பு விழும். கன்மெட்டல் முனைக்கு எண்ணெய் தவறாமல் விட வேண்டும், தேய்ந்தால் மாற்ற வேண்டும். ஆனாலும் ஃபினிஷிங்குக்கு அதுதான். ஸ்டெடி உட்காரும் இடத்தை முதலில் சின்னப் பட்டையாகக் கடைந்து வட்டமாக்காவிட்டால், கறுப்புக் கம்பியின் கோணல் அப்படியே முழு ஜாபிலும் பதிந்துவிடும்.

டூல் பற்றி ஒன்று. கார்பைடு டிப் நல்லதுதான், ஆனால் நீள ஜாபில் நுனி வளைவு 0.8 உள்ளதைப் போட்டு 0.2 ஆழம் எடுத்தால் அது வெட்டுவதைவிட அதிகம் தள்ளும். 0.4 நுனி, நேர் 90 டிகிரி நைஃப் டூல், ஆழம் நுனி வளைவைவிடக் கொஞ்சம் கூடுதல். அப்போது விசை குறுக்கே போகாமல் சக் பக்கம் நீளவாக்கில் போகும். கடைசி மெல்லிய கட்டுக்கு (ஒருமுறை வெட்டி எடுப்பதுதான் கட்டு) இன்றும் கையால் தீட்டிய எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட்தான் என் விருப்பம்.

அடுத்த எதிரி சூடு. சேலத்தில் சித்திரை மாதம் தகரக் கூரையின் கீழ் என்ன வெயில் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு மீட்டர் இரும்பு 40 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 0.45 மி.மீ. நீள்கிறது. சக்குக்கு எதிர் முனையில் செண்டரைத் தாங்கும் டெயில் ஸ்டாக் இறுக்கிப் பிடித்திருந்தால் நீள இடமில்லை, ஜாப் நடுவில் வில்லாக வளைகிறது. ஒவ்வொரு கட்டுக்கும் பிறகு செண்டரை லேசாகத் தளர்த்தி மறுபடி தொடவைக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் 304 இன்னும் மோசம், அதே சூட்டுக்கு 0.7 வரை போகும், சூட்டை வேகமாகக் கடத்தவும் செய்யாது. சேகோ ஃபாக்டரியில் எந்நேரமும் ஈரமும் புளிப்பும் இருப்பதால் அவர்கள் 304தான் கேட்கிறார்கள். ஸ்டெயின்லெஸ்ஸுக்குப் பேர்போன ஊர்தான், ஆனால் நம் உருக்காலை செய்வது தகடு, உருண்டைக் கம்பி வெளியூர்ச் சரக்கு. 304ல் டூல் மழுங்கி உரசினால் மேல்தோல் இறுகி அடுத்த கட்டு ஏறாது. நிறுத்தாமல் ஒரே சீராக ஃபீட் போக வேண்டும். கடைசி அளவை நான் காலையில்தான் எடுப்பேன், ராத்திரி முழுக்க ஆறிய ஜாபும் மைக்ரோமீட்டரும் ஒரே சூட்டில் இருக்கும்.

மூன்றாவது, கம்பிக்குள்ளேயே இருக்கும் இழுவிசை. பிரைட் பார் பார்க்க அழகு, நேராகவும் இருக்கும். ஆனால் குளிர்நிலையில் இழுத்துச் செய்தது, ஒரு பக்கம் கீவே (சாவி உட்காரும் பள்ளம்) வெட்டினால் போதும், மறுநாள் டயல் கேஜில் ஆட்டம் தெரியும். ‘கம்பி வாங்கும்போது நேராகத்தான் இருந்தது’ என்ற வாதம் யாரிடமும் எடுபடாது. போன சீசனுக்கு முன் ஏற்காட்டிலிருந்து வந்த எஸ்டேட் மெக்கானிக், “அண்ணா, புது ஷாஃப்ட்டுங்க, ரெண்டே நாள்ல பேரிங் கொதிக்குதுங்க” என்று வேறொரு இடத்தில் செய்த பல்ப்பர் ஷாஃப்டைக் கொண்டுவந்தார். வி பிளாக்கில் வைத்துச் சுற்றினால் கீவே பக்கம் தெளிவாக வளைந்திருந்தது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய்ப் பழுது பார்க்கும் இடம் அது. நவம்பரில் பழம் சிவந்துவிட்டால் பல்ப்பர் ஒரு நாள் நின்றாலும் பறித்த பழம் புளித்துவிடும். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் காபி ஏறிய மலை, அந்த வேலைக்கு ஒழுங்கான ஷாஃப்ட் கொடுப்பது நம் கடமை. என் வழக்கம்: ஈஎன் 8 (நடுத்தரக் கார்பன் எஃகு) எடுத்து, எல்லாப் பக்கமும் ஒன்றரை, இரண்டு மி.மீ. விட்டு ரஃப் எடுத்து, கீவே வெட்டி, சில நாள் கிடப்பில் போட்டு, டயலில் பார்த்து, பிறகே ஃபினிஷ். அவசரம் என்று வருபவரிடமும் இதைச் சொல்லித்தான் வேலையை எடுத்துக்கொள்கிறேன்.

நீளத் துளை தனிக் கதை. நீள ஷாஃப்டில் மையத்தில் துளை போடச் சொல்லி வருவார்கள், சிலர் துப்பாக்கிக் குழல் பற்றியும் கேட்பதுண்டு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது, நான் அந்தப் பக்கம் போவதில்லை. ஆனால் ஆழத் துளைக் கலையில் பெரும்பகுதி பீரங்கி, துப்பாக்கி வேலையிலிருந்து வந்தது. 1774ல் இங்கிலாந்து இரும்பு ஆலைக்காரர் ஜான் வில்கின்சன் திட வார்ப்புப் பீரங்கியைச் சுற்றவைத்து நிற்கும் கருவியால் துளைத்தார். அடுத்த வருடங்களில் ஜேம்ஸ் வாட்டின் நீராவி சிலிண்டருக்கு, போரிங் பாரை (துளையின் உள்ளே கடையும் டூலைத் தாங்கும் தண்டை) இரண்டு முனையிலும் தாங்கி உள்விட்டம் எடுத்தார். இரண்டு பாடமும் என் லேத்தில் இன்றும் வேலை செய்கின்றன. ஜாப் சுற்றி ட்ரில் நின்றால் துளை விலகுவது குறைகிறது. நீளமான ஹவுசிங் என்றால் ஒரு பக்கம் தொங்கும் பாரை விட்டுவிட்டு, இரண்டு செண்டருக்கு நடுவே பாரைச் சுற்றவிட்டு, ஜாபைச் சேடிலில் கட்டிவிடுகிறேன். தொங்கும் ஸ்டீல் பார் விட்டத்தைப் போல நான்கு மடங்கைத் தாண்டினால் கத்த ஆரம்பித்துவிடும்.

இவ்வளவு செய்தும் விட்டத்தைப் போல பத்து மடங்குக்கு மேல் ஆழம் போனால், சாதாரண ட்விஸ்ட் ட்ரில்லை எத்தனை தடவை வெளியே இழுத்துச் சுருள் தட்டினாலும் மறுமுனையில் மையம் தப்புகிறது. நுனிவரை அழுத்தத்தோடு எண்ணெய் போகும் கன் ட்ரில் அமைப்பு வீட்டுப் பட்டறைக்குக் கட்டுப்படியாகாது. அப்படிப்பட்ட ஜாபுக்கு, துளையை முதலில் கோயம்புத்தூரில் போட்டுவரச் சொல்லிவிடுகிறேன். அந்தத் துளையையே ஆதாரமாகப் பிடித்து வெளிவிட்டத்தை நான் கடைந்து தருகிறேன், துளையும் வெளிப்புறமும் ஒரே மையத்தில் வந்துவிடும்.

ஆறடி லேத் வாங்க நினைப்பவர்கள் பட்ஜெட்டில் ஐந்தில் ஒரு பங்கையாவது ஸ்டெடி, நல்ல ரிவால்விங் செண்டர், டயல், பெட்டை மட்டம் பார்க்கும், மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் லெவல் இவற்றுக்கு ஒதுக்குங்கள். தளம் காங்கிரீட்டாக இருக்கட்டும், மழைக்காலத்துக்குப் பின் ஒருமுறை லெவலை மறுபடி பாருங்கள். பெட் முறுக்கிக்கொண்டிருந்தால் டெயில் ஸ்டாக்கை எவ்வளவு நகர்த்தினாலும் டேப்பர் (ஒரு முனை பருத்து மறுமுனை சிறுப்பது) போகாது.