பையனுக்கு 'கர்ப்ப டெஸ்ட்' எடுத்த லேப், 5க்கு 3 ஸ்டார்

காரைக்குடில எங்க வீட்டுப் பக்கம் இருக்குற லேப், பேரு வேணாம். எம்மகனுக்கு 8 வயசு, திடீர்னு குரல் உடைஞ்சு மீசை அரும்ப ஆரம்பிச்சிருச்சு, அப்பத்தா "அவுக ஐயா மாதிரி வளத்தி"ன்னு பெருமையா சொல்லிட்டு இருந்தாக. மதுரைல ஹார்மோன் டாக்டர் பாத்ததும் மொகமே மாறிப்போச்சு. வயசுக்கு வந்த மாதிரி எல்லாம் இருக்கு ஆனா விதை மட்டும் வளரல, அப்ப இத கெளப்பி விடுறது வேற எங்கயோ இருக்குன்னு சொல்லி பீட்டா ஹெச்சிஜி (கர்ப்பத்துல ஏறுற ஹார்மோன்), ஏஎஃப்பி (சில கட்டிக சுரக்குற புரதம்), குரோமோசோம் டெஸ்ட், நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் எழுதுனாரு.

சீட்ட நீட்டுனா கவுன்டர்ப் பொண்ணு "அக்கா இது கர்ப்பம் பாக்குற டெஸ்ட்டு, பேர மாத்தி எழுதிட்டாக"ன்னு சத்தமா சிரிக்குது, சுத்தி பத்து பேரு. ரிப்போர்ட்லயும் எம்மகன் பேருக்குக் கீழ 4 வாரம் 5 வாரம்னு கர்ப்பக் கணக்குதான் அச்சாயி வந்துச்சு. ஹெச்சிஜி நம்பர் எக்கச்சக்கம். ஆம்பளப் புள்ளைக்கு அது கிட்டத்தட்ட இருக்கவே இருக்காதாம், ஜெர்ம் செல் கட்டி (விந்து, முட்டையா மாற வேண்டிய செல்லுல வர்ற கட்டி) மாதிரி ஏதாச்சும் சுரந்தாத்தான் உண்டு.

ரத்தம் எடுத்த தம்பிக்கு மட்டும் 5 ஸ்டார். குரோமோசோமுக்குப் பச்சை மூடி டியூப்தான் வேணும், செல்லு உயிரோட போயிச் சேரணும், சனிக்கெழம எடுத்தா ஞாயிறு பூரா சும்மா கெடக்கும், திங்கக்கெழம வாங்கக்கான்னு திருப்பி அனுப்புனாரு, அன்னைக்கு எனக்குச் செம கோவம். ரிசல்ட் வர மூணு வாரம். 47 எக்ஸ்எக்ஸ்ஒய், அதாவது எக்ஸ் குரோமோசோம் ஒண்ணு கூடுதலா இருக்கு, கிளைன்ஃபெல்டர்னு பேராம், இந்தப் புள்ளைகளுக்கு நெஞ்சுக்கூட்டுக்குள்ள இந்தக் கட்டி வர வாய்ப்பு மத்தவுகள விட ரொம்ப ஜாஸ்தி. அதுக்குள்ளயே சிடி ஸ்கேன்ல இதயத்துக்கு முன்னாடி கட்டி தெரிஞ்சு, பல்லவன் ரயில்ல சென்னைக்குப் போயி கீமோவும் ஆரம்பிச்சாச்சு.

இன்னும் ஏன் இங்கயே போறேன்னா கட்டியக் காட்டிக் குடுக்குற மார்க்கர (ஹெச்சிஜி, ஏஎஃப்பி) ஒரே லேப்ல பாத்தாத்தான் நம்பர ஒப்பிட முடியுமாம். கீமோ மருந்து வேலை செஞ்சா ஹெச்சிஜி ஒன்றரை நாளைக்கு ஒருக்கா பாதியாகணும், ஏஎஃப்பி பாதியாக ஒரு வாரம் வரைக்கும் புடிக்கும்.

வயசுக்கேத்த அளவப் போடுங்கன்னு ஓனர்ட்ட சொன்னா சாஃப்ட்வேர் அப்படித்தாம்மான்னுட்டாரு. கைக்கொழந்தைக்கு ஏஎஃப்பி இயல்பாவே ஏகத்துக்கு இருக்கும், இவுக அதுக்கும் பெரியவுக அளவத்தான் போட்டு தடிச்ச எழுத்துல குடுக்குறாக, பாத்துட்டுப் பயந்துறாதீக, டாக்டர்ட்ட காட்டுங்க. காலைல 7 மணிக்கே போயிருங்க, அப்பறம் சுகர் டெஸ்ட் கூட்டம் வந்துரும்.