லைன்மேனுக்கு மதிப்பெண்: பிஎஃப்எஃப்பா, பயிற்சியாளர் அறையா?

கல்லூரி அளவிலான அமெரிக்கன் ஃபுட்பாலில் அஃபென்சிவ் லைன்மேன் (பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசைத் தடுப்பாளர்) பந்தைத் தொடுவதே அபூர்வம். அதனால் அவரை எடைபோட இரண்டு வழிகள். பிஎஃப்எஃப் (Pro Football Focus) என்ற ஆட்டப் பகுப்பாய்வு நிறுவனம் ஒவ்வொரு ஆட்டநகர்விலும் அவருக்கு -2 முதல் +2 வரை, அரை அரைப் புள்ளியாகப் போட்டு, பிறகு 100க்கு மாற்றுகிறது. பாஸ் பிளாக்கிங் (பந்தை எறிபவரைக் காப்பது) தனி, ரன் பிளாக்கிங் (பந்தோடு ஓடுபவருக்கு வழி திறப்பது) தனி. பயிற்சியாளர்களோ பெரும்பாலும் பிளஸ், மைனஸ் போட்டு சதவீதம் பார்ப்பார்கள்.

வித்தியாசம் தெரிவது ஸ்டண்டில்தான். எதிரணியின் இரண்டு பேர் குறுக்கே இடம் மாறி ஓடுகிறார்கள். ஒருவர் தப்பிப்போய், பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை வீழ்த்துகிறார். தவறு லைனின் ஓரத்தில் நிற்கும் டேக்கிளுடையதா, அவருக்கு உள்பக்கம் நிற்கும் கார்டுடையதா? அந்த நொடியில் லைனின் நடுவில் நிற்கும் சென்டர் என்ன சொன்னார் என்பது வெளியாளுக்குத் தெரியாது, ஊகிக்கத்தான் முடியும். பயிற்சியாளருக்குத் தெரியும். தன் அணி வீரரைப் பற்றிய தீர்ப்பில் எனக்கு அவர்மேல்தான் நம்பிக்கை.

சரி, வேறு வேறு கல்லூரி வீரர்களை ஒப்பிட? அங்கே பிஎஃப்எஃப்தான் கைகொடுக்கும், அளவுகோல் ஒன்று. ஆனாலும் எதிரே நின்றவர் யார் என்று பாருங்கள். 2019ல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் டேக்கிள் ரஷான் ஸ்லேட்டர், குவார்ட்டர்பேக்கைத் துரத்தும் ஓஹாயோ ஸ்டேட் வீரர் சேஸ் யங்கைச் சமாளித்த ஆட்டம் பெரிதும் பேசப்பட்டது. 2020 சீசனில் ஸ்லேட்டர் ஆடவே இல்லை. அப்படியும் 2021 டிராஃப்டில் (தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) 13வது ஆளாக சார்ஜர்ஸ் அணி அவரை எடுத்தது.