பியூஸ் கட்டையா, மும்முனையா: பழைய வீட்டில் எதை முதலில் மாற்றுவது?

வேலூர் சைதாப்பேட்டையில் இருக்கும் எங்கள் வீடு தாத்தா காலத்தது. நடையில் ஒரு மரப்பலகை, அதில் இரும்புப் பெட்டி மெயின் சுவிட்ச், பக்கத்தில் நான்கு பீங்கான் பியூஸ் கட்டைகள். போன கத்திரி வெயிலில் மாடியறைக்கு ஒன்றரை டன் ஏ.சி. வாங்கினோம். இரண்டாம் நாள் இரவே கருகல் வாடை வந்தது. காலையில் மூன்றாவது கட்டையைக் கழற்றிப் பார்த்தேன். மெல்லிய பியூஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில், யாரோ எப்போதோ நான்கு இழை செம்புக் கம்பியை முறுக்கிப் போட்டிருந்தார்கள். அடிக்கடி பியூஸ் போகக் கூடாது என்று செய்த ஏற்பாடு. பியூஸ் போகவில்லை, அதற்குப் பதிலாக ஒயர் வெந்துவிட்டது. உறையை விரலால் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது.

உறவினர் ஒருவர், "மும்முனை வாங்கிவிடு, தொல்லை தீர்ந்தது" என்றார்; ஒரு மின்கம்பிக்குப் பதில் மூன்றில் மின்சாரம் வரும் த்ரீ-பேஸ் இணைப்பைத்தான் சொன்னார். பக்கத்து வீட்டு அண்ணன், ஒருமுனையே போதும், பெட்டியையும் ஒயரையும் மாற்று என்றார். எதையும் மாற்றாமல் மின்பளுவைக் குறைத்துக்கொள் என்றார் இன்னொருவர். மூன்றையும் எங்கள் வீட்டோடு பொருத்திப் பார்த்தேன்.

முதலில் கணக்கு. காலை ஆறரை மணிக்குக் கீசர் 2,000 வாட், இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட், தொட்டிக்கு நீரேற்றும் 1 எச்.பி. மோட்டார் ஏறக்குறைய 1,000 வாட். மொத்தம் 5,000. அதை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 22 ஆம்பியர். இவ்வளவும் ஒரே முனையில், கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் ஒரே சர்வீஸ் ஒயரில் வர வேண்டும். மும்முனை என்றால் இதையே பிரித்து, கீசரை ஒரு முனையிலும் அடுப்பை இன்னொன்றிலும் மோட்டாரை மூன்றாவதிலும் போடலாம்; எந்த முனையிலும் 9 ஆம்பியரைத் தாண்டாது. ஒரு முனையில் மின்சாரம் நின்றாலும் மற்ற இரண்டு முனைகளில் உள்ள அறைகளில் விளக்கெரியும். இரண்டு ஏ.சி., ஆழ்துளைக் கிணற்று மோட்டார், மாடியில் குடித்தனம் என்றிருக்கும் வீட்டுக்கு மும்முனைதான் சரி.

ஆனால் மும்முனையைப் பற்றி உலவும் இரண்டு நம்பிக்கைகளை நம்பிப் பணத்தைப் போடாதீர்கள். பில் குறையும் என்பது ஒன்று. 1 கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். எத்தனை முனையில் வந்தாலும் அதே யூனிட்தான். லோ வோல்டேஜ் தீரும் என்பது மற்றொன்று. உங்கள் சர்வீஸ் ஒயர் மெலிந்ததால் வோல்டேஜ் இறங்கினால் தீரும். தெருக்கோடி வரை மொத்தத் தெருவுக்கும் இறங்கினால், அது டிரான்ஸ்பார்மர் பக்கத்துக் கோளாறு.

பலர் சொல்லாத ஆபத்து ஒன்றும் உண்டு. மும்முனை வீட்டில் நியூட்ரல் (மின்சாரம் திரும்பிச் செல்லும் பொதுக் கம்பி) இணைப்பு தளர்ந்து விட்டுப்போனால், மின்பளு குறைவாக இருக்கும் முனையில் வோல்டேஜ் 230-ஐத் தாண்டி 400-ஐ நெருங்கும். டி.வி., பிரிட்ஜ் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். உளுத்த பலகையில் மும்முனையைக் கொண்டுவந்து மாட்டுவது எனக்குத் துணிச்சலாகப் படவில்லை, அறியாமையாகவே படுகிறது.

ஆகவே பெட்டியையும் ஒயரையும் மாற்றுவதே முதல் வேலை என்ற முடிவுக்கு வந்தேன். உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரிடம் சொல்லி, ஒயர் உறையின் தரத்தை அளக்கும் 500 வோல்ட் மெக்கர் கருவியை வைத்துப் பார்த்தோம். இன்சுலேஷன் தடை 1 மெகாஓமுக்குக் கீழே இருக்கக் கூடாது. எங்கள் பின்கட்டு ஒயர் அதன் அருகில்கூட வரவில்லை. அந்தப் பக்கம் முழுவதும் அலுமினிய ஒயர். அலுமினியத்தையும் செம்பையும் வெறுமனே முறுக்கி இணைத்த இடம் நாளடைவில் தளர்ந்து சூடாகும். அதை உருவிவிட்டு விளக்குகளுக்கு 1.5, பிளக்குகளுக்கு 2.5, ஏ.சி.க்கும் கீசருக்கும் தனித்தனியே 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் இழுத்தோம். ஒவ்வொரு தடத்துக்கும், மின்பளு மீறினால் தானே அணையும் ஓர் எம்.சி.பி. சுவிட்ச். எல்லாவற்றுக்கும் மேலே, மின்கசிவைக் கண்டால் அணையும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.

இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எம்.சி.பி. ஒயரைக் காக்கும்; ஆர்.சி.சி.பி. ஆளைக் காக்கும். ஒருவர் உடல் வழியாக மண்ணுக்குக் கசியும் மின்சாரம் எம்.சி.பி.யின் கணக்கிலேயே வராது.

பிரிட்ஜ் கைப்பிடியை ஈரக்கையோடு தொட்டால் சுர்ரென்கிறது என்று அம்மா இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் காதில் வாங்கவில்லை. காரணம் இப்போதுதான் தெரிந்தது. அந்தக் காலத்தில் எர்த் கம்பியை இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருந்தார்கள். குழாயைப் பிளாஸ்டிக்காக மாற்றிய அன்றே வீட்டுக்கு எர்த் இல்லாமல் போய்விட்டது. கம்பி மட்டும் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. கொல்லையில் குழி வெட்டி, இரண்டரை மீட்டர் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடினோம். கோடையில் பாலாற்றைப் போலவே எங்கள் மண்ணும் காய்ந்து கிடக்கும். வாரம் ஒரு முறை அந்தக் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

இன்வெர்ட்டர் உள்ள வீடுகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்வெர்ட்டர் தடத்தின் நியூட்ரலும் ஆர்.சி.சி.பி.க்குக் கீழுள்ள நியூட்ரலும் கலந்திருந்தால் ஆர்.சி.சி.பி. காரணமில்லாமல் விழுந்து, அதாவது தானாக அணைந்துகொண்டே இருக்கும். கோளாறு அதில் இல்லை, இணைப்பில் இருக்கிறது. சலித்துப்போய் ஆர்.சி.சி.பி.யையே எடுத்துவிட்டு நேராக இணைக்கச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

மின்பளுவைக் குறைக்கும் யோசனையும் நல்லதுதான். 75 வாட் மின்விசிறிக்குப் பதில், குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பி.எல்.டி.சி. விசிறி, கீசருக்குப் பதில் மாடியில் சூரிய வெந்நீர் கலன். இந்த ஊர் வெயிலுக்கு அது நன்றாகவே உழைக்கும். ஆனால் வெந்த ஒயரை அது சரிசெய்யாது.

நாங்கள் இப்போதைக்கு ஒருமுனையிலேயே இருக்கிறோம், கூடுதல் மின்பளுவுக்கு மின்வாரியத்தில் விண்ணப்பித்துக்கொண்டு. மோட்டார் ஓடும்போது கீசர் போடுவதில்லை. தம்பி குடும்பம் மாடிக்கு வந்து இரண்டாவது ஏ.சி. மாட்டினால் மும்முனைக்கு மாறுவோம். புதுப் பெட்டியில் அதற்கான இடத்தை இப்போதே விட்டிருக்கிறோம். ஆர்.சி.சி.பி.யில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்க வேண்டும் என்று ஒப்பந்ததாரர் சொன்னார். அம்மா அதை அமாவாசைக்கு என்று வைத்துக்கொண்டார். விளக்கேற்றுவதற்கு முன் நடைக்கு வந்து ஒரு முறை அழுத்துகிறார், டக்கென்று வீடு இருள்கிறது, மறுபடி தூக்கிவிடுகிறார்.