மூன்றாண்டுப் பயன்பாட்டுக்குப் பின்: தம்பியைத் தெருவில் நிறுத்தும் காவற்காரன்

ஒரு பாதுகாப்புச் செருகுநிரல் சலுகை விலையில் கிடைக்கிறதே, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டதால் இதை எழுதுகிறேன். வலைத்தளம் நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை நிரல் அது; மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். உள்நுழைவுப் பூட்டிலும் கோப்புச் சோதனையிலும் குறையில்லை. என் மனத்தாங்கல் முழுவதும் ரெஸ்ட் ஏபிஐ, அதாவது பிற நிரல்கள் தளத்தோடு விவரங்களைப் பரிமாறிக்கொள்ளும் வாயில், அதன் மீது இது விதிக்கும் கட்டுப்பாட்டைப் பற்றித்தான்.

2016 டிசம்பரில் வெளியான 4.7 பதிப்பிலிருந்து, பதிவுகளையும் பயனர்களையும் பற்றிய விவரங்களைத் தரும் ஏபிஐ முகவரிகள் வேர்ட்பிரஸுக்குள்ளேயே இருக்கின்றன. பதிவு எழுதியவர் யார் என்பதைக் கேட்பவர்க்கெல்லாம் அவை சொல்லிவிடுவதால், உள்நுழையாதவர்களுக்கு அவற்றை அடைப்பது நியாயமே. ஆனால் அதே நிறுவனத்தின் படிவச் செருகுநிரலும் வாசகர் நிரப்பும் விவரங்களை இதே ஏபிஐ வழியாகத்தான் அனுப்புகிறது. நான் சோதித்தபோதெல்லாம் நிர்வாகியாக உள்நுழைந்தே இருந்ததால் படிவம் ஒழுங்காகச் சென்றது. வெளியாருக்கோ 401 என்ற மறுப்பு வந்து, பொத்தானருகே வட்டம் மட்டும் சுழன்றுகொண்டிருந்தது. 11 நாள்கள் ஒரு விசாரணையும் வராதபோது, விடுமுறைக் காலம்தானே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

தீர்வு அமைப்புகளின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. உண்மையில் அது அருமையான தீர்வு. ஒவ்வொரு செருகுநிரலும் ஏபிஐயில் தனக்கெனப் பதிந்துகொள்ளும் பெயர்வெளியை, அதாவது தன் முகவரிகளுக்கான முன்னொட்டை, தனித்தனியே காட்டி, எதைத் திறப்பது, எதை மூடுவது என்று நம்மையே தேர்ந்தெடுக்க விடுகிறது. பயனர் பட்டியலை மூடியபடியே படிவத்தின் பாதையை மட்டும் திறந்தேன். இதே வேலைக்காக முன்பு நான் எழுதி வைத்திருந்த நான்கு வரி நிரல், எல்லாவற்றையும் ஒரேயடியாக அடைத்துவிடும்.

சென்ற மாதம் படிவச் செருகுநிரலின் புதுப்பிப்பில் அதன் பெயர்வெளி வி1 என்பதிலிருந்து வி2 ஆனது. மீண்டும் அதே 401, அதே சுழலும் வட்டம். அனுமதிப் பட்டியல் என்றால் அதில் இல்லாததை மறுக்கத்தான் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், இரண்டையும் எழுதுவது ஒரே நிறுவனம் என்னும்போது, புதுப்பித்த அன்றே ஓர் எச்சரிக்கை வரியையாவது நிர்வாகப் பக்கத்தில் காட்டியிருக்கலாகாதா? உதவிக் குழுவோ, வடிவமைப்பின்படியே இயங்குகிறது என்று பதில் எழுதியது.

இப்போது ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பிறகும் மறைநிலைச் சாளரத்தில் படிவத்தை ஒருமுறை நிரப்பிப் பார்க்கிறேன். நண்பரிடம் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் உரிமத்தை மட்டும் நேற்று மேலும் ஓராண்டுக்குப் புதுப்பித்தேன்.