கம்பளி ரிம் பிரஷ் செட்: தலை அருமை, கழுத்துதான் பிரச்சினை

கார் சக்கரத்தின் ரிம் கழுவும் பிரஷ்ஷைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் நாரைப் பற்றியே எழுதுகிறார்கள். எவ்வளவு மென்மை, எவ்வளவு அடர்த்தி, ஊறினால் எப்படி இருக்கும் என்று. என் ரிம்மைக் கீறியது நார் இல்லை, பிரஷ்ஷின் கழுத்து. நார் முடிந்து கைப்பிடி தொடங்குவதற்கு முன் இருக்கும் இரண்டு விரற்கடை வெற்றுப் பிளாஸ்டிக். அதைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை.

நான் வைத்திருப்பது செயற்கைக் கம்பளியில் செய்த மூன்று பிரஷ் கொண்ட செட். பெரியது, நடுத்தரம், ஒல்லி. வாங்கி வருடக்கணக்காகிறது. இப்போது ஆன்லைனில் ஏறக்குறைய பாதி விலைக்கு வந்திருக்கிறது. புதிதாக ஸ்போர்ட் ரிம் (அலாய் சக்கரம்) மாற்றிய ஒரு தம்பி, “அக்கா, இதை வாங்கலாமா?” என்று வாட்ஸ்அப்பில் கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக அது எனக்குத் தெரியவில்லை.

என் காரில் இருப்பது டைமண்ட் கட் ரிம். முழு ரிம்முக்கும் பெயிண்ட் அடித்துவிட்டு, முகப்பை மட்டும் லேத்தில் கடைந்து, அலுமினியத்தைப் பளபளவென்று வெளியே கொண்டுவந்து, மேலே கிளியர் கோட் என்ற நிறமில்லாத காப்புப் பூச்சைப் பூசிவிடுவார்கள். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் ரிம்மின் நடுவிலிருந்து வெளிவட்டத்துக்கு ஓடும் ஸ்போக்கின் கூரான விளிம்புகளில் அந்தப் பூச்சு மெல்லிசாகத்தான் உட்காரும். அங்கே கீறல் ஆழமாக விழுந்து பூச்சு பிளந்துவிட்டால் ஈரம் உள்ளே போய், கிளியர் கோட்டுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாக நூல் ஓடின மாதிரி அரிக்க ஆரம்பிக்கும். அப்புறம் எந்தப் பாலிஷும் வேலைக்கு ஆகாது. திரும்ப லேத்தில் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு முறை கடையும்போதும் கொஞ்சம் உலோகம் குறையும் என்பதால் அதையும் நினைத்தபோதெல்லாம் செய்துகொள்ள முடியாது. சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வாங்க வேண்டிய உரிமைச் சான்றிதழ்) முடியும்வரை பத்து வருடம் இதே காரை ஓட்டுவது என்று இருக்கிறவள் நான். ரிம்மும் அதுவரை தாங்கியாக வேண்டும்.

கழுவாமல் விட்டாலும் கெடுதல்தான். ஐரோப்பியக் கார்களின் பிரேக் பேட் கரும்பொடியைக் கொட்டும், ஜப்பான் கார்களில் அந்த அளவுக்கு வராது. அந்தப் பொடியில் பிரேக் டிஸ்க்கிலிருந்து தேய்ந்து வரும் இரும்புத் துகள் நிறைய. சூடாக வந்து ஒட்டி, நம் ஊர் மழையிலும் ஈரக்காற்றிலும் துருப்பிடித்து, பூச்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். நாள் போகப் போக அழுத்தித் தேய்க்க வேண்டியிருக்கும். அழுத்தித் தேய்த்தால் கீறாத பிரஷ் என்று ஒன்று கிடையாது.

சரி, பிரஷ்ஷுக்கு வருகிறேன். இதன் கம்பளியை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். நடுத்தண்டு முழுக்கப் பிளாஸ்டிக், உள்ளே கம்பி இல்லை. முறுக்குக் கம்பியில் நார் கோத்த பிரஷ்களில் நுனிக்கு ஒரு ரப்பர் மூடி இருக்கும். அது என்றைக்கு நழுவுகிறதோ அன்றைக்குக் கம்பி நேராக ரிம்மின் உள்சுவரில் இறங்கும். இதில் அந்தப் பயமே இல்லை. சோப்புத் தண்ணீரை நன்றாகப் பிடித்துக்கொள்கிறது, இரண்டு உதறு உதறினால் அழுக்கை விட்டுவிடுகிறது. மைக்ரோஃபைபர் சுற்றிய பிரஷ்களிடம் இந்தக் குணம் இல்லை. அவை மணலை உள்ளே பிடித்து வைத்துக்கொண்டு அடுத்த ரிம்முக்கும் கொண்டுபோகும். இத்தனை நாள் உழைத்தும் இந்தக் கம்பளி கொட்டவில்லை, கட்டிதட்டவும் இல்லை.

இனி கழுத்து.

என் ரிம்மில், பிரேக் பேடுகளை டிஸ்க்கோடு அழுத்தும் கேலிப்பருக்கும் உள்சுவருக்கும் நடுவே இருக்கும் சந்து குறுகலானது. பெரிய பிரஷ் அதில் நுழையவே இல்லை. நடுத்தரம் நுழையும், ஆனால் பின்சுவர்வரை எட்ட வேண்டுமானால் கம்பளி முழுவதும் உள்ளே போய்விடும். அப்போது இரண்டு ஸ்போக்குகளுக்கு நடுவில் வந்து நிற்பது அந்த வெற்றுக் கழுத்து. முன்னும் பின்னும் இழுக்கிற ஒவ்வொரு இழுப்புக்கும் அது ஸ்போக்கின் விளிம்பில் உரசுகிறது. பூச்சு எங்கே மெல்லிசோ, சரியாக அங்கே. உள்ளேயிருந்து இழுத்துவரும் கரும்பொடியும் கூடச் சேர்ந்துகொள்கிறது.

ஒருநாள் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தபோது ஸ்போக்கின் உள்பக்க விளிம்பு முழுக்க மெல்லிய கோடுகள், எல்லாம் ஒரே திசையில். முகப்பில் ஒன்றுகூட இல்லை. கம்பளி படும் உள்சுவரிலும் இல்லை. காரைக் காட்டிய ஒர்க்‌ஷாப்பில், பெட்ரோல் நிலையத்து இயந்திரக் கழுவல்தான் காரணம் என்றார்கள். என் கார் அதற்குள் போனதே கிடையாது. அந்தத் தானியங்கிப் பிரஷ் ஸ்போக்கின் உள்பக்கத்தை மட்டும் தேடிப்போய்த் தொடவும் செய்யாது. பிரஷ்ஷை உள்ளே விட்டுக் கழுத்து எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். கோடுகள் இருந்த அதே இடம்.

இவ்வளவு நல்ல கம்பளியைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு அதை இன்னும் இரண்டு விரற்கடை கீழே இறக்க ஏன் மனம் வரவில்லை என்று கோபமாகத்தான் இருக்கிறது. பெட்டியில் ‘கீறாது’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கம்பளியைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் வாங்குகிறவர் கம்பளியை மட்டும் தனியே பிய்த்தெடுத்துக் கழுவப்போவதில்லையே.

நான் கழுத்தில் சிலிக்கோன் டேப் சுற்றியிருக்கிறேன். பசை இல்லாமல் தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் வகை, ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். பசை டேப்பாக இருந்தால் தண்ணீரில் பிரிந்துவிடும். சிலிக்கோன் நிற்கிறது. அதற்கப்புறம் புதிய கோடு எதுவும் விழவில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளை நாமே முடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்ற எரிச்சல் மட்டும் ஒவ்வொரு முறை கையில் எடுக்கும்போதும் வருகிறது.

ஒல்லி பிரஷ்ஷிடம் இந்தக் குறை கிடையாது. கழுத்து வளைந்து கொடுக்கும், கம்பளியும் கிட்டத்தட்ட கைப்பிடிவரை வருகிறது. கேலிப்பருக்குப் பின்னால், ஸ்போக்கின் முதுகில், எங்கே விட்டாலும் போகும். மூன்றில் அது ஒன்றுதான் முழுமையான பொருள். வெளியே இழுக்கும்போது முகத்தில் தெறிக்கும், அதைத் தவிர்க்க மெதுவாகத் திருப்பிக்கொண்டே எடுக்க வேண்டும்.

சக்கரத்தை இறுக்கும் நட்டுக் குழிகளுக்கு இந்தச் செட்டில் எதுவும் உதவாது. அங்கே பன்றிமுடிப் பிரஷ்தான் சரி. அதன் நுனி இயற்கையிலேயே பிளந்திருக்கும், தண்ணீரில் ஊற ஊற மென்மையாகும். முடி கொஞ்சம் கொட்டும், அமிலக் கிளீனர் பட்டால் கெட்டுப்போகும். மலிவான நைலான் பிரஷ்களை டயருக்கு ஒதுக்கிவிடுங்கள். டயருக்கு எடுத்ததை ரிம் பக்கமே கொண்டுவர வேண்டாம். எந்தப் பிரஷ்ஷாக இருந்தாலும் முதலில் நனைத்து, வேண்டாத பழைய சிடி ஒன்றின் பளபளப்பான பக்கத்தில் தேய்த்துப் பாருங்கள். கழுத்தையும் தேய்த்துப் பாருங்கள்.

எங்கள் கார்பார்க்கில் கழுவும் இடத்தில் குழாய் மட்டும்தான், பிரஷர் வாஷர் கிடையாது. அதனால் கைப்பம்பு வைத்த ஸ்பிரே புட்டியில் முதலில் பொடியை இளக்கிக்கொள்கிறேன். விரைவுச்சாலையிலிருந்து வந்த சூட்டோடு தொடக்கூடாது. ரிம் ஆறியபின் இரும்பு நீக்கும் திரவத்தை அடித்தால் ஊதா நிறத்தில் ஒழுகும், நாற்றமும் அடிக்கும். அது காய்வதற்குள் பிரஷ் போட்டு அலசிவிட வேண்டும். ரிம்முக்கு என்று தனி வாளி இருப்பது கட்டாயம்.

இத்தனை புகழ்ந்த பிறகு இதைச் சொல்வது முரணாகத் தெரியலாம். இந்தச் செட்டைப் பாதி விலைக்கும் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். பெரியது உள்ளே போகாது, நடுத்தரம் விளிம்பை உரசும், ஒல்லியைத் தனியாகத் தர மறுக்கிறார்கள். ஸ்போக் இடைவெளி அகலமாக, கேலிப்பர் சின்னதாக இருக்கிற காருக்கு நடுத்தரமே பொருந்திவிடலாம். டைமண்ட் கட் ரிம் வைத்திருக்கிறவர்கள், வேறு எந்த நிறுவனமாவது கழுத்துவரை கம்பளி வைத்த ஒல்லி பிரஷ்ஷை ஒற்றையாக விற்றால் அதையும் ஒரு பன்றிமுடிப் பிரஷ்ஷையும் வாங்கிக்கொள்ளுங்கள். என்னுடைய ஒல்லி பிரஷ் தொலைந்தால், வேறு வழி கிடைக்காதவரை, திட்டிக்கொண்டே இதே செட்டை முழு விலைக்கும் வாங்குவேன்.